தங்கை மகனின் கோபம்: ஒரு பெரியம்மாவுக்குப் பதில்

கேள்வி இது. பொள்ளாச்சிப் பக்கம் இருந்த தங்கை இறந்துபோனதால், அவளுடைய 9 வயது மகனைக் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை அருகே தன் வீட்டில் வைத்து வளர்க்கிறார் ஒரு பெரியம்மா. தங்கை வயிற்றில் பிள்ளையோடு இருந்த காலம் முழுக்கக் குடித்திருக்கிறாள், முதலில் கள், பிறகு பிராந்தி. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவர் பையனைப் பரிசோதித்து, கருவில் மது பட்டதால் வந்த மூளைப் பாதிப்பு, எஃப்ஏஎஸ்டி, என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கையில் கிடைத்ததை எறிகிறான், பொய் சொல்கிறான், கடையில் கேட்காமல் எடுக்கிறான், அடித்தால் அழுதுவிட்டு மறுநாள் அதையே செய்கிறான். பள்ளியில் டிசி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். "சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறான், நான் என்னதான் செய்வது?" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, நான் பாலக்காடு சித்தூர் தாலுகாவில் 18 ஆண்டுகளாகச் சிறப்பு ஆசிரியையாக இருக்கிறேன். உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். "கேட்கமாட்டேன் என்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் மொழியில் இந்த "மாட்டு" என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. "வரமாட்டேன்" என்றால் மறுப்பு. ஆனால் "வலி தாங்கமாட்டாமல் அழுதாள்" என்றும் சொல்கிறோம், "நடக்கமாட்டாத கிழவர்" என்றும் சொல்கிறோம். அங்கே யாரும் எதையும் மறுக்கவில்லை. உடம்புக்கு முடியவில்லை, அவ்வளவுதான். உங்கள் பையனிடம் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது மாட்டாமை. அதை முதலாவது என்று எடுத்துக்கொண்டுதான் வீட்டிலும் பள்ளியிலும் எல்லாரும் அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் கோபம் பாதி குறையும். தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளையின் இரத்தத்துக்குப் போகிறது. பெரியவர்களின் ஈரல் மதுவை உடைத்து வெளியேற்றும்; கருவின் ஈரலுக்கு அந்தத் திறன் இன்னும் வந்திருக்காது. அதனால் மது அங்கே தங்கி, வளர்ந்துகொண்டிருக்கும் நரம்பணுக்களைக் கெடுக்கிறது. திட்டமிடுவதற்கும் அவசரத்தை அடக்குவதற்கும் உள்ள நெற்றிப்பகுதி மூளை, நினைவைப் பதிக்கும் பகுதி, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பட்டை, உடல் சமநிலையைப் பார்க்கும் சிறுமூளை என்று பல இடங்களில் அந்தச் சேதத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

பிரான்ஸின் நாந்த் நகரில் பால் லெமுவான் என்ற மருத்துவர் 1968ல் குடிகாரக் குடும்பங்களைச் சேர்ந்த 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1973ல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் இருவரும் அதற்குப் பெயர் வைத்தார்கள். அதாவது மருத்துவ உலகம் இதைச் சரியாகக் கவனிக்கத் தொடங்கியே 50 ஆண்டுகள்தான் ஆகின்றன. நம் பக்கம் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் "சேட்டை", "மந்தம்", "அப்பனைப் போலவே வந்திருக்கிறான்" என்ற பெயர்தான் கிடைக்கிறது. சிலருக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிற்காத, துறுதுறுப்பு அடங்காத குறைபாடு, என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் பையனுக்கு 9 வயதில் சரியான பெயர் கிடைத்திருப்பது பெரிய விஷயம்.

"முகத்தில் ஒன்றும் தெரியவில்லையே, டாக்டர் தவறாகச் சொல்லியிருப்பாரோ" என்றும் கேட்டிருந்தீர்கள். சிறிய கண் திறப்பு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் வழுவழுவென்று மறைந்திருப்பது, மெல்லிய மேலுதடு ஆகிய மூன்றும் முகத்தில் தெரியும் அடையாளங்கள். ஆனால் முகம் உருவாகும் காலம் மிகக் குறுகியது. கரு உண்டாகி மூன்றாவது வாரத்தை ஒட்டிய சில நாட்களில் மது பட்டால்தான் அந்த அடையாளங்கள் வரும். மூளையோ பிறக்கும்வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் இந்தப் பாதிப்புள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் பார்க்க எல்லாப் பிள்ளைகளையும் போலவே இருப்பார்கள். வாய் ஓயாமல் பேசுவார்கள், சிரிப்பார்கள், யாரோடும் ஒட்டிக்கொள்வார்கள். இதுதான் அவர்களுக்குக் கேடாகவும் முடிகிறது. கால் ஊனமுள்ள பிள்ளையை ஓடச் சொல்ல யாருக்கும் மனசு வராது. இவனை மட்டும் தினமும் ஓடச் சொல்கிறோம்.

பொய்யை எடுத்துக்கொள்வோம். என்னிடம் வந்த ஒரு பெண்குழந்தை, நோட்டு எங்கே என்று கேட்டால் ஒரு நாள் மாமா ஜீப்பில் வந்து வாங்கிக்கொண்டு போனார் என்பாள், மறுநாள் மாடு தின்றுவிட்டது என்பாள். கண்ணைப் பார்த்துச் சொல்வாள். ஏமாற்றும் பிள்ளைக்கு ஒரு கணக்கு இருக்கும், தப்பிக்கும் வழி தெரிந்து பேசும். இவளிடம் அந்தக் கணக்கே இல்லை. நினைவில் ஓட்டை விழுந்த இடத்தை மூளை கையில் கிடைத்ததை வைத்து அடைக்கிறது, அது உண்மை என்று அவளே நம்புகிறாள். "எங்கே வைத்தாய், ஏன் பொய் சொல்கிறாய்" என்று நாம் கேட்கக் கேட்க, அவள் புதிது புதிதாக நிரப்பிக்கொண்டே போனாள். கேள்வி கேட்பதை நிறுத்தினோம். "வா, சேர்ந்து தேடலாம்" என்று கூட்டிப்போனோம். ஒரு மாதத்தில் கதைகள் பெருமளவு நின்றன. உங்கள் பையனிடமும் விசாரணை வேண்டாம். நடந்தது உங்களுக்குத் தெரியுமென்றால், "கிளாஸ் உடைந்துவிட்டது, பெருக்கலாம், நீ முறத்தைப் பிடி" என்று சொல்லி முடியுங்கள்.

திருட்டும் அப்படித்தான். "இது என்னுடையது, அது கடைக்காரருடையது" என்பது கண்ணுக்குத் தெரியாத விஷயம். கண்ணுக்குத் தெரியாத எதுவும், நேரம், பணம், உரிமை, நாளைக்கு என்ன ஆகும் என்பது, இந்தப் பிள்ளைகளுக்குக் கைக்குள் அடங்காது. கையில் இருந்தால் என்னுடையது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த கணக்கு. கடைக்குத் தனியாக அனுப்பாதீர்கள். கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். வீட்டில் பணத்தையும் போனையும் பூட்டி வையுங்கள். "பூட்டி வைத்தால் எப்போது திருந்துவான்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நடக்கத் தெரியாத பிள்ளையைக் கிணற்று மேட்டில் விட்டு யாரும் பழக்குவதில்லை என்று சொல்லுங்கள்.

இந்தத் துறையில் இருக்கும் நாங்கள் உத்தேசமாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். பழக்கவழக்கத்தில், கோபத்தை அடக்குவதில், ஆபத்தை உணர்வதில் இவர்களின் வயது உண்மையான வயதில் ஏறக்குறைய பாதி. உங்கள் பையனுக்கு 9 வயது என்றால், பொம்மைக்காகத் தரையில் புரண்டு அழும் நாலு, நாலரை வயதுப் பிள்ளையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் 10 வயது தெரியலாம், வாசிப்பில் 6 தெரியலாம். எல்லாம் ஒரே அளவில் இருக்காது. "நேற்று தெரிந்த வாய்ப்பாடு இன்று தெரியவில்லை, வேண்டுமென்றே செய்கிறான்" என்று டீச்சர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நேற்று கிடைத்தது இன்று கிடைக்காமல் போவதும், நாளை மறுபடி வருவதும் இந்தப் பாதிப்பின் குணம்.

அடியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அடி வேலை செய்ய வேண்டுமென்றால், பிள்ளை மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். நான் இதைச் செய்தேன், அதனால் அடி விழுந்தது, அடுத்த முறை செய்தாலும் விழும். இந்த முடிச்சைப் போடும் இடம்தான் சேதமாகியிருக்கிறது. அதனால் அவனுக்கு அடித்த கை நினைவிருக்கும், காரணம் நினைவிருக்காது. மன அழுத்தம் வந்தால் இந்தப் பிள்ளைகளின் உடம்பு சாதாரணப் பிள்ளைகளைவிட அதிகமாகக் கொதிக்கிறது என்பதை ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள். ஆக, அடிப்பது அடுத்த வெடிப்புக்கு வெடிமருந்து நிரப்புவதுதான். "இந்த வாரம் ஒழுங்காக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மலம்புழா போகலாம்" என்ற ஆசை வார்த்தையும் இதே காரணத்தால்தான் பலிக்காது. ஞாயிறு அவனுக்கு வெகு தூரம். நல்லது செய்தால் அந்த நிமிஷமே, என்ன செய்தான் என்று பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்: "செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாயே, நல்லது கண்ணு."

சரி, எறிவதும் அடிப்பதும். இங்கேதான் உழைப்பு அதிகம், பலனும் அதிகம்.

ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் மதியம் தட்டை எறிவான். பக்கத்துப் பிள்ளைக்கு நெற்றியில் காயம்கூட ஆனது. நான் நாலு நாள் பேசாமல் உட்கார்ந்து பார்த்தேன். மணி அடிக்கும், 40 பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஸ்டீல் தட்டை எடுப்பார்கள், பெஞ்சு இழுபடும், வரிசையில் முட்டிக்கொள்வார்கள். அந்தச் சத்தத்தில் அவன் காதைப் பொத்துவான், யாராவது தோளில் இடித்தால் தட்டு பறக்கும். தட்டை எறியும் பழக்கத்தை நாங்கள் தொடவே இல்லை. மணி அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்பு சமையல் அக்காவிடம் தண்ணீர் ஜக்கை வாங்கி வர அவனை அனுப்பினோம், சாப்பாட்டுக்குச் சுவரோரம் ஓர் இடம் கொடுத்தோம். அதற்குப் பிறகு அந்த வருடம் இரண்டு முறைதான் எறிந்தான். இரண்டும் விழா நாட்கள்.

நீங்களும் அப்படிப் பாருங்கள். வெடித்த பிறகு என்ன நடந்தது என்பதைவிட, வெடிப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் முக்கியம். பசியா, தூக்கம் கெட்டதா, டிவி சத்தமா, விருந்தாளியா, சட்டைக் காலரில் உறுத்தும் துணிப்பட்டையா, விளையாட்டிலிருந்து திடீரென்று குளிக்கக் கூப்பிட்டதா? ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது இவர்களுக்கு மிகக் கடினம். பத்து நிமிஷம் முன்பும், இரண்டு நிமிஷம் முன்பும் சொல்லுங்கள். நிமிஷம் அவனுக்குப் புரியாது என்பதால், "இந்தப் பாட்டு முடிந்ததும் குளியல்" என்று காதுக்குக் கேட்கும் எல்லையாகக் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே வரிசை இருக்கட்டும். பல் தேய்ப்பது, குளிப்பது, சாப்பிடுவது, பை எடுப்பது என்று போனில் படம் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். அவன் படத்தைப் பார்த்துச் செய்யட்டும், உங்கள் வாய்க்கும் ஓய்வு.

பேசும்போது ஒரு நேரத்தில் ஒரு காரியம் மட்டும். "போய்க் கை கழுவிட்டு, துணி மாற்றிக்கிட்டு, அமுச்சிக்குத் தண்ணி கொடுத்துட்டு வா" என்றால் முதல் மூன்று சொல்லோடு அவன் மூளை நின்றுவிடும். "கை கழுவு." சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவனுக்குச் சொல் உள்ளே போய்ச் சேரவே நேரம் ஆகும். நாம் பதில் வரவில்லை என்று இரண்டாவது முறை வேறு வார்த்தையில் சொன்னால், அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதே வார்த்தையையே திரும்பச் சொல்லுங்கள். "ஓடாதே" என்பதைவிட "நட" நல்லது. எதைச் செய்யக் கூடாது என்று சொன்னால், எதைச் செய்வது என்பதை அவனே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, இதை வெளியூர் மருத்துவர்கள் கேட்கத் தவறிவிடுகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். டீச்சர் "மதி, மதி" என்கிறார். போதும், நிறுத்து என்று அர்த்தம். பொள்ளாச்சியிலிருந்து வந்த பிள்ளைக்கு அது யாரோ ஒருவர் பெயர். "வெள்ளம் குடி" என்றால் நமக்கு ஆற்றில் வருவதுதான் ஞாபகம் வரும். மற்றப் பிள்ளைகள் இரண்டு மாதத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகவே முடியாத இந்தப் பிள்ளைக்கு, இரண்டு மொழியில் இரண்டு விதமான கட்டளை என்பது தலைக்கு மேல் பாரம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதியில் தமிழ் வழி வகுப்புள்ள பள்ளிகள் இருக்கின்றன. டிசியைப் பற்றிப் பேசும்போது அந்த வழியையும் கேளுங்கள். மாற்ற முடியாவிட்டால், நில், உட்கார், போதும், தண்ணீர், கழிப்பறை ஆகிய ஐந்துக்கும் வீட்டிலும் பள்ளியிலும் ஒரே கைச்சாடை வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் வெடிக்கும் நாட்கள் வரும். அப்போது பேச்சைக் குறையுங்கள். புத்தி சொல்லும் நேரம் அதுவல்ல, அவன் காதில் எதுவும் ஏறாது. மற்றப் பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள், கத்தி, அரிவாள்மனை, தேங்காய் உரிக்கும் பாரை போன்றவை எட்டாத இடத்தில் இருக்கட்டும். நீங்கள் சற்றுத் தள்ளி, கீழே உட்கார்ந்து, தணிந்த குரலில் "பெரியம்மா இங்கேதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள். சில பிள்ளைகளுக்கு இறுக்கமான போர்வை பிடிக்கும், சிலர் தொட்டால் இன்னும் ஆவேசமாவார்கள். அவன் எந்த ரகம் என்று அமைதியான நாளில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு மூலையை அவனுக்கென்று ஒதுக்குங்கள், அது தண்டனைக்கு அனுப்பும் இடமாக ஆகவே கூடாது. அடங்கிய பிறகு தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு. பாடம் மறுநாள், இரண்டு வரியில்.

மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது காதையும் கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இந்தப் பாதிப்போடு கேட்கும் குறையும் பார்வைக் குறையும் சேர்ந்து வருவதுண்டு. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு உண்மையிலேயே காது கேட்காமலும் இருக்கலாம். இருதயம், சிறுநீரகம், வலிப்பு பற்றியும் கேளுங்கள். மூளைச் சேதத்தை மாற்றும் மருந்து கிடையாது. தூக்கத்துக்கும் அலைபாயும் கவனத்துக்கும் மருந்து சில பிள்ளைகளுக்கு உதவுகிறது, அதைக் குழந்தை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும். தாயத்து கட்டுவதற்கு நான் தடை சொல்லமாட்டேன், உங்கள் மனசுக்கு அது ஆறுதல் என்றால் கட்டுங்கள். ஆனால் பேய் ஓட்டுகிறேன் என்று வேப்பங்குழையால் அடிக்கும் இடத்துக்கு மட்டும் கூட்டிப்போகாதீர்கள்.

இனி பள்ளி. 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையைப் பள்ளியை விட்டு வெளியேற்ற 2009ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதன் 17வது பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இதை வைத்துச் சண்டை போடச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போய்ப் பேசச் சொல்கிறேன். 2016ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. எஃப்ஏஎஸ்டி அந்தப் பட்டியலில் பெயரோடு இல்லை. ஆனால் அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு இரண்டும் உண்டு. உங்கள் பையனை மதிப்பிட்டு அவற்றில் ஒன்றின் கீழ் சான்றிதழ் கிடைத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டை வாங்கலாம், குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சலுகைகள் கூடும். அறிவுசார் குறைபாடு என்று வந்தால் நிராமயா மருத்துவக் காப்பீடும் உண்டு, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை. விண்ணப்பத்துக்கு, கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவில் உதவி கேளுங்கள்.

மதிப்பீட்டில் ஓர் எச்சரிக்கை. ஐக்யூ எண்ணை மட்டும் பார்த்தால் இந்தப் பிள்ளைகளில் பலர் "சராசரி" என்று தப்பிவிடுவார்கள், உதவியும் தவறிப்போகும். குளிப்பது, பணம் எண்ணுவது, ரோடு கடப்பது போன்ற அன்றாடத் திறன்களில்தான் அவர்கள் பின்தங்கியிருப்பார்கள். அதையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். பள்ளிக்கு வந்துபோகும் சிறப்பு ஆசிரியர் யார் என்று பிஆர்சியில், அதாவது கல்வித் துறையின் வட்டார வள மையத்தில், கேட்டால் சொல்வார்கள். டிசி பேச்சு வரும் நாளில் அவரையும் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள்.

தங்கையைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகள் என்னைத் தூங்கவிடவில்லை. "அவள் செய்த பாவத்தை இவன் சுமக்கிறான்." அம்மா, எங்கள் பக்கம் கள்ளை மதுவாகவே நினைக்காத குடும்பங்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். உடம்புக்குக் குளிர்ச்சி, பிள்ளைக்கு நல்லது என்று மாமியாரே ஊற்றிக் கொடுத்த வீடுகள் உண்டு. சுண்ணாம்பு தடவிய பானையில் இறக்கும் தெளுவு, அதாவது பதநீர், வேறு. சுண்ணாம்பில்லாத பானையில் சொட்டத் தொடங்கியதிலிருந்தே மரத்தின் பால் புளித்து மதுவாகிறது. கருவுக்குப் பிராந்தியும் கள்ளும் ஒன்றுதான், இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்ற அளவே கிடையாது. இதை உங்கள் தங்கைக்கு யாராவது உட்கார்ந்து சொன்னார்களா? குடிக்கும் புருஷனோடு, அடியும் பயமுமாக இருந்தவள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளைப் பையன் முன்னால் திட்டாதீர்கள். அவனுக்கு அம்மா அவள்தான். வளர்ந்து கேட்டால், "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அப்போது உன் மூளைக்கு அடிபட்டது, அது உன் தப்பில்லை" என்று சொல்லுங்கள். உங்கள் சொந்தத்தில் இப்போது கர்ப்பமாக இருந்து குடிக்கும் பெண் இருந்தால், இன்று நிறுத்தினாலும் பிள்ளைக்கு லாபம். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

"இவன் பெரியவனானால் ஜெயிலுக்குத்தான் போவான்" என்று உறவினர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சியாட்டிலில் ஆன் ஸ்ட்ரைஸ்குத் என்ற உளவியலாளர் இந்தப் பாதிப்புள்ள 400க்கும் மேற்பட்டவர்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார். பள்ளியை விட்டு விலகுவது, போலீஸ் வழக்கு, குடிப்பழக்கம் எல்லாம் அவர்களில் நிறையவே இருந்தன, அதை மறைக்க வேண்டாம். ஆனால் சிறு வயதிலேயே பாதிப்பைக் கண்டுபிடித்தவர்களும், நிலையான நல்ல வீட்டில் வளர்ந்தவர்களும் அந்தக் கதியிலிருந்து தப்பும் வாய்ப்பு 2 முதல் 4 மடங்கு கூடியிருந்தது. அவர் 2004ல் வெளியிட்ட முடிவு இது. அந்த நிலையான வீடு இப்போது உங்கள் வீடுதான்.

அதனால் உங்கள் உடம்பும் முக்கியம். வாரத்தில் ஒரு சாயங்காலமாவது பையனை நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுவிட்டு வெளியே போய் வாருங்கள். இரவில் தாங்கமுடியாமல் போனால் 14416 என்ற டெலிமானஸ், அதாவது அரசு மனநல உதவி, எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் தொடங்காதீர்கள். பள்ளிவிட்டு வந்து இரவுச் சாப்பாடுவரைதான் அதிகம் எறிகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். வரும் திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம், அவன் வந்ததும் கேள்வி எதுவும் கேட்காமல், டிவியை அணைத்துவிட்டு, முதலில் சாப்பிட ஏதாவது கொடுத்து, அரை மணி நேரம் தோப்பில் தண்ணீர் பாய்ச்சுவதையோ மாட்டையோ பார்த்துக்கொண்டு அவன் பாட்டுக்கு இருக்க விடுங்கள். வீட்டுப்பாடம் வேண்டாம், டீச்சரிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு, எதற்கு முன்னால் எறிந்தான் என்பதை மட்டும் காலண்டரில் குறித்து, அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பேசுவோம்.